ரூல் போட ஆயிரம் பேர், எடுக்க யாரு?

புதுசா ஒரு கிளவுட் அக்கவுண்ட் கைக்கு வந்தா எந்த போர்ட், அதாவது சர்வருக்குள்ள போற நம்பர் போட்ட வாசல், தொறந்திருக்குன்னு தான் எல்லாரும் முதல்ல பாப்பாங்க, நான் டிஸ்க்ரிப்ஷன் கட்டத்த பாப்பேன். செக்யூரிட்டி குரூப்ல, அதாவது யாரு எந்த போர்ட் வழியா வரலாம் போலாம்னு சொல்ற ரூல் பட்டியல்ல, ஒவ்வொரு ரூலுக்கும் பக்கத்துல இது எதுக்குன்னு எழுத ஒரு சின்ன எடம் இருக்கும். பாதிக்கு மேல காலியா கெடக்கும், மீதில "டெம்ப்", "டெஸ்டிங்", "வெண்டர் ஐபி"ன்னு இருக்கும், இல்லன்னா வேலைய விட்டு எப்பவோ போயிட்ட ஒருத்தரோட பேர் இருக்கும். அந்த கட்டம் இருக்குற லட்சணத்த பாத்தாலே நெட்வொர்க் எப்படி இருக்கும்னு ஓரளவுக்கு சொல்லிடலாம்.

நான் பாக்குறது கிளவுட் நெட்வொர்க் செக்யூரிட்டி வேலை, சென்னைல இருந்து பல கிளையண்ட்டுங்களுக்கு. அமேசானோட ஏடபிள்யூஎஸ் தான் அதிகம், மைக்ரோசாஃப்டோட அஸூரும் உண்டு, கூகுளோட ஜிசிபி அப்பப்ப வரும். டேட்டா சென்டர் காலத்துல ஃபயர்வால்னா உள்ள வெளிய போற டிராஃபிக்க வடிகட்டுற ஒரு பொட்டி, அதுக்கு ஒரு டீம், அந்த கன்சோல்ல அவங்கள தவிர யாரும் கை வைக்க முடியாது. ஒரு போர்ட் தொறக்கணும்னா ஃபார்ம் எழுதி, அப்ரூவல் வாங்கி, மாத்தம் பண்ணன்னு ஒதுக்கின ராத்திரி சேஞ்ச் விண்டோ வரைக்கும் காத்திருக்கணும், எல்லாருக்கும் எரிச்சல் தான். ஆனா அந்த காத்திருப்புல ஒரு நன்மை இருந்துச்சு, எதுக்கு கேக்குறாங்கன்னு எங்கயாவது பதிவாயிடும். கிளவுட்ல பர்மிஷன் இருக்குற எந்த டெவலப்பரும் அர நிமிஷத்துல ரூல் போட்டுடலாம். வேகம் வந்துச்சு, காரணம் எழுதுற பழக்கம் போயிடுச்சு.

ரூல் போடுறதுக்கு எப்பவும் ஒருத்தர் நம்ம தலைமேல நிப்பாங்க. "பாஸ், இப்போதைக்கு ஆல் ஓபன் பண்ணி விடுங்க, டெஸ்ட் முடிஞ்சதும் மூடிடலாம்"னு சொல்வாங்க, அவங்க பொய் சொல்லல, உண்மையாவே மூடணும்னு தான் நெனைப்பாங்க. ஆனா டெஸ்ட் முடிஞ்சதும் அடுத்த ஸ்ப்ரின்ட் வந்துடும், மூட சொல்லி யாரும் டிக்கெட் போட மாட்டாங்க. பரண் மேல சாமான் ஏறுற மாதிரி தான், ஏத்துறதுக்கு ஆள் இருக்கு, எறக்குறதுக்கு யாரும் ஏணி எடுத்துட்டு வர்றதில்ல. எடுத்தா ஏதாவது நின்னுடுமோன்னு பயம் வேற, நின்னுட்டா எடுத்தவன் மேல தான் பழி, எடுக்காம விட்டதுக்கு யாரும் யாரையும் கேள்வி கேக்கறதில்ல, ஏதாவது நடக்குற வரைக்கும்.

நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2017 ஜனவரில இன்டர்நெட்டுக்கு தொறந்து கெடந்த மோங்கோடிபிங்குற டேட்டாபேஸ் சர்வருங்கள ஆயிரக்கணக்குல தேடி பிடிச்சு டேட்டாவ அழிச்சுட்டு பணம் கேட்டாங்க. 27017 போர்ட் தொறந்திருந்துச்சு, பாஸ்வேர்ட் இல்ல, அவ்வளவு தான், பெரிய ஹேக்கிங் வித்தை எதுவும் தேவப்படல. இப்பவும் ஒரு புது மெஷினுக்கு பப்ளிக் ஐபி குடுத்து தூரத்துல இருந்து மெஷினுக்குள்ள நுழையுற போர்ட்டான 22ஐயும் 3389ஐயும் 0.0.0.0/0க்கு, அதாவது மொத்த இன்டர்நெட்டுக்கும், தொறந்து விட்டா கொஞ்ச நேரத்துலயே லாக்ல யார் யாரோ வந்து கதவ தட்ட ஆரம்பிச்சிடுவாங்க. இத்தனைக்கும் அந்த ரெண்டு போர்ட்டும் இப்பல்லாம் இன்டர்நெட்டுக்கு தொறக்கவே வேண்டியதில்ல, உள்ள நுழைய வேற பத்திரமான வழி உண்டு, ஏடபிள்யூஎஸ்ல செஷன் மேனேஜர் இருக்கு, அஸூர்ல பாஸ்டியன் இருக்கு, ஜிசிபில ஐஏபி இருக்கு.

ஏடபிள்யூஎஸ்ல ஒரு செக்யூரிட்டி குரூப்புக்கு உள்ள வர்றதுக்கு 60 ரூல், வெளிய போறதுக்கு 60 ரூல்னு ஒரு அளவு இருக்கு, கேட்டா கூட்டி குடுப்பாங்க. நெறைய எடத்துல அந்த 60 நெரம்பினதும் ரெண்டு வேலை செய்வாங்க, ஒண்ணு லிமிட்ட கூட்ட சொல்லி கேப்பாங்க, இல்லன்னா பத்து தனி ஐபிய தூக்கிட்டு ஒரே /16, அதாவது ஒரு பெரிய ஐபி ரேஞ்ச, போட்டுடுவாங்க. ரெண்டாவது தான் ரொம்ப ஆபத்து, பத்து மெஷினுக்கு இருந்த அனுமதி 65,536 அட்ரஸுக்கு போயிடுது, ஆனா லிஸ்ட் சின்னதா அழகா தெரியும். 60 நெரம்புதுன்னா இதெல்லாம் ஏன் இருக்குன்னு உக்காந்து பேச நல்ல நேரம்னு நான் எடுத்துப்பேன். அதுல பாதி ரூல்ல ஐபிக்கு பதிலா இன்னொரு செக்யூரிட்டி குரூப்பயே சோர்ஸா குடுத்துட்டா போதும், ஆப் சர்வர் எத்தன வந்தாலும் போனாலும் டேட்டாபேஸ் பக்கம் ஒரே ரூல் தான், படிக்கிறவங்களுக்கும் "ஆப் பேசுது டேட்டாபேஸ்கிட்ட"ன்னு அர்த்தம் தெரியும். 10.20.31.7ன்னு பாத்தா யாருக்கு என்ன புரியும்?

இப்ப எடுக்குற வேலைக்கு வரேன், என் மனசுல இது தான் உண்மையான வேலை.

ஒரு ரூல் யூஸ்ல இருக்கா இல்லயான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? ஃப்ளோ லாக், அதாவது டிராஃபிக் வந்து போன பதிவ, பாருங்கன்னு சொல்வாங்க, சரிதான், ஆனா ஏடபிள்யூஎஸோட விபிசி ஃப்ளோ லாக்ல எந்த ஐபில இருந்து எந்த போர்ட்டுக்கு வந்துச்சு, அக்செப்டா ரிஜெக்டான்னு இருக்குமே தவிர எந்த ரூல் விட்டுச்சுன்னு இருக்காது. ஒரே டிராஃபிக்க நாலு ரூல் அனுமதிக்கும், நாமளா தான் பொருத்தி பாக்கணும். ஜிசிபில இது பரவால்ல, ஃபயர்வால் லாக்கிங் போட்டா ரூல் பேரோட வரும், எந்த ரூலுக்கு டிராஃபிக்கே வரல, எது இன்னொண்ணோட நெழல்ல மறைஞ்சு போச்சுன்னும் காட்டும். ஆனா எந்த டூலா இருந்தாலும் லாக் சொல்றது நடந்து முடிஞ்சத மட்டும் தான். ஒரு உள்நாட்டு கிளையண்ட்ல ஒரு டேட்டாபேஸோட 1433 போர்ட்டுக்கு ஒரு பழைய ரூல், ஆபீஸ் ரேஞ்ச்ல இருந்து, மாசக்கணக்குல ஒரு பாக்கெட் கூட வரல, ஆப் டீமும் எடுத்துடுங்கன்னுட்டாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி எங்க டீம்ல புதுசா சேந்த பொண்ணு ஒருத்தி அவளாவே அந்த கம்பெனி அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு போன் போட்டா, ஏன்னா அந்த டேட்டாபேஸ் பேர்ல "ஃபின்"னு இருந்துச்சாம். அந்த பக்கம் ஒரு மேடம், "மார்ச் கடைசில ஒரு ரிப்போர்ட் அதுல இருந்து தாம்மா எடுப்போம், வருஷத்துக்கு ஒரு தடவ"ன்னு சொன்னாங்க. எந்த லாக்கும் சொல்லாதத, எந்த டேஷ்போர்டும் காட்டாதத அந்த மேடம் ஒரே வாக்கியத்துல சொல்லிட்டாங்க. அந்த ரூல் இன்னும் இருக்கு, ஆனா இப்ப ஒரே ஒரு மெஷினுக்கு மட்டும், டிஸ்க்ரிப்ஷன்ல வருஷ முடிவு ரிப்போர்ட், எந்த டிபார்ட்மென்ட், எந்த மாசம்னு எழுதி இருக்கு.

எடுத்ததுக்கு அப்பறமும் ஒரு சிக்கல் இருக்கு, இத நெறைய பேர் கவனிக்கறதில்ல. செக்யூரிட்டி குரூப் ஸ்டேட்ஃபுல், அதாவது ஏற்கனவே நடந்துட்டு இருக்குற கனெக்‌ஷன ஞாபகம் வச்சிருக்கும். ரூல எடுத்துட்டாலும் டிராக் ஆயிட்டு இருக்குற பழைய கனெக்‌ஷன் ஒடனே அறுந்துடாது. ராத்திரி சேஞ்ச் விண்டோல ரூல எடுக்குறோம், ஆப் ஓடிட்டு தான் இருக்கு, எல்லாரும் ஓகே சொல்லிட்டு டிக்கெட்ட மூடிட்டு தூங்க போயிடுவாங்க. நாலு நாள் கழிச்சு பேட்ச் போட ஆப் ரீஸ்டார்ட் ஆகும், கனெக்ட் ஆகாது, அப்ப பேட்ச் தான் காரணம்னு பேட்ச் டீம பிடிச்சு உலுக்குவாங்க, நாலு நாளுக்கு முன்னாடி போன ரூல் யாருக்கும் தோணாது. அதனால எங்க சேஞ்ச்ல ஒரு ஸ்டெப் கட்டாயம் இருக்கும், ரூல எடுத்த கையோட அதே விண்டோலயே ஆப் டீம் கனெக்‌ஷன் பூல, அதாவது ஆப் தொறந்தே வச்சிருக்குற பழைய கனெக்‌ஷனுங்கள, ரீஸ்டார்ட் பண்ணணும், புது கனெக்‌ஷன் வருதான்னு பாத்துட்டு தான் ஓகே. ஆப் டீம் மொதல்ல முனகுவாங்க, ஒரு தடவ இதுல மாட்டினவங்க அப்பறம் முனக மாட்டாங்க. பழைய கனெக்‌ஷன் ஒடனே அறுந்தே ஆகணும்னா, அதாவது உள்ள ஆள் பூந்துட்டான்னா, செக்யூரிட்டி குரூப்ப நம்பாம சப்நெட்டோட, அதாவது நெட்வொர்க்ல அந்த பகுதியோட, நெட்வொர்க் ஏசிஎல்ங்குற தனி ரூல் பட்டியல்ல டினை போடணும், அது ஸ்டேட்லெஸ், ஞாபகம் எதுவும் வச்சுக்காது, ஒடனே வெட்டிடும்.

அஸூர்ல வேற மாதிரி. அங்க செக்யூரிட்டி குரூப் மாதிரி இருக்குற என்எஸ்ஜில ரூலுக்கு 100ல இருந்து 4096 வரைக்கும் ப்ரையாரிட்டி நம்பர், சின்ன நம்பர் ஜெயிக்கும். அதுக்கும் கீழ 65000, 65001, 65500ன்னு மூணு டிஃபால்ட் ரூல் உக்காந்திருக்கும், கடைசி ரூல் எல்லாத்தையும் தடுக்கும். இது தெரியாம நல்ல எண்ணத்துல 4096ல ஒரு "டினை ஆல்" போடுவாங்க, ஆடிட்டருக்கு கண்ணுக்கு தெரியட்டும்னு. அது 65001ல இருக்குற லோட் பேலன்சர் (மெஷினுங்களுக்கு டிராஃபிக்க பிரிச்சு அனுப்புறது) அனுமதியயும் சேத்து மறைச்சிடும், மெஷின் உயிரோட இருக்கான்னு பாக்க 168.63.129.16ல இருந்து வர்ற ஹெல்த் ப்ரோப் நின்னுடும், மெஷின் எல்லாம் நல்லா இருக்கும் ஆனா லோட் பேலன்சர் அதெல்லாம் செத்துட்டதா நெனச்சு டிராஃபிக் அனுப்பாது. தடுக்கற ரூலுக்கும் காரணம் எழுதணும்னு நான் சொல்றது இதனால தான், தடுக்குறது எப்பவும் நல்லதுன்னு கெடையாது.

வெளிய போற பக்கத்த பத்தி சொல்லியே ஆகணும். புது செக்யூரிட்டி குரூப் ஒண்ணு உருவாக்கினா உள்ள வர்றது எல்லாம் மூடி இருக்கும், வெளிய போறது எல்லாம் தொறந்திருக்கும், அந்த அவுட்பவுண்ட் டேப யாரும் க்ளிக் பண்ணி கூட பாக்கறதில்ல. 2021 டிசம்பர்ல ஜாவா லாக் லைப்ரரி ஒண்ணுல லாக்4ஷெல்ங்குற ஓட்ட வெளிய வந்த வாரம் இந்த துறைல இருந்தவங்க யாரும் சரியா தூங்கியிருக்க மாட்டாங்க. ஒரு வார்த்தைய லாக்ல எழுத வச்சா போதும், நம்ம சர்வரே வெளிய போய் தாக்குறவனோட எல்டாப் சர்வர்ல இருந்து கோட எடுத்துட்டு வந்து ஓட்டும். எங்க எந்த ஜாவா ஓடுது, அதுக்குள்ள எந்த லைப்ரரி இருக்குன்னு தேடவே நாள் கணக்கா ஆச்சு. அந்த தேடல்ல ஒரு கிளையண்ட் மட்டும் கொஞ்சம் நிதானமா இருக்க முடிஞ்சது, அவங்க ஆப் சர்வருங்க டேட்டாபேஸுக்கும் ரெண்டு மூணு குறிப்பிட்ட எடத்துக்கும் தவிர வெளிய எங்கயும் போக முடியாது. சர்வர்ல ஓட்ட இருந்துச்சு தான், ஆனா அந்த கோட எடுத்துட்டு வர வழி இல்ல. இது முழு பாதுகாப்பு இல்ல, டிஎன்எஸ் வழியா தகவல் கசியலாம், பேட்ச் போட்டே தான் ஆகணும், ஆனா பேட்ச் போடுறதுக்கு நேரம் கெடச்சுது. அந்த வாரத்துல நேரம் கெடைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு அனுபவிச்சவங்களுக்கு தெரியும். ஐபிக்கு பதிலா வெப்சைட் பேர் வச்சு கட்டுப்படுத்தணும்னா செக்யூரிட்டி குரூப்பால முடியாது, அதுக்கு ஏடபிள்யூஎஸ் நெட்வொர்க் ஃபயர்வால், அஸூர் ஃபயர்வால் மாதிரி தனியா வேணும், செலவு இருக்கு. ஆனா டேட்டாபேஸ் மெஷின் இன்டர்நெட்டுக்கு ஏன் போகணும்னு கேக்கறதுக்கு செலவே இல்ல.

ஆடிட்னு வந்தா, கார்டு பேமென்ட் சம்பந்தப்பட்ட எடத்துல பிசிஐ டிஎஸ்எஸ்ங்குற கார்டு பாதுகாப்பு விதிமுறைப்படி ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது ரூல்கள ரிவ்யூ பண்ணணும். இந்தியால சைபர் சம்பவங்கள கவனிக்குற அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி சம்பவம் நடந்தது தெரிஞ்சா 6 மணி நேரத்துல சொல்லணும், லாக்க 180 நாள் வச்சிருக்கணும். ரிவ்யூ பெரும்பாலும் எப்படி நடக்குதுன்னா, எக்ஸெல்ல எல்லா ரூலயும் எறக்கி, "தேவையா?"ன்னு ஒரு காலம் போட்டு மெயில்ல அனுப்புவாங்க, எல்லாரும் எல்லா லைன்லயும் "ஆமா"ன்னு இழுத்து விட்டு திருப்பி அனுப்பிடுவாங்க. நாங்க கேள்விய மாத்தினோம். "இத எடுத்தா எது நிக்கும், நின்னா யாருக்கு போன் பண்ணணும்?" இதுக்கு "ஆமா"ன்னு பதில் எழுத முடியாது. பதில் தெரிஞ்ச ரூல் இருக்கட்டும், பதில் தெரியாத ரூல் எல்லாம் தனி லிஸ்ட்டுக்கு போகும், அதுக்கு ஒரு முடிவு தேதி. ஏடபிள்யூஎஸ்ல 2021 ஜூலைல இருந்து ஒவ்வொரு ரூலுக்கும் தனி ஐடியும் டேகும் வந்துடுச்சு, அதனால டிக்கெட் நம்பர், ஓனர் டீம், முடியுற தேதி மூணையும் ரூல் மேலயே ஒட்டிடுறோம். ஓனர்னா டீம் பேர், ஆள் பேர் இல்ல. ஆள் போயிடுவாரு.

டெர்ராஃபார்ம்ல, அதாவது ரூல எல்லாம் கோடா எழுதி வைக்குற டூல்ல, போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க, நானும் டெர்ராஃபார்ம் தான், ஆனா நடுராத்திரி ப்ரொடக்‌ஷன் விழுந்து கெடக்கும்போது யாரும் கோட் மாத்தத்துக்கு ஒப்புதல் கேட்டு புல் ரிக்வெஸ்ட் போட்டுட்டு உக்காந்திருக்க மாட்டாங்க, கன்சோல்ல போய் தொறப்பாங்க, தொறக்கணும் தான். விடிஞ்சதும் அத கோடுக்குள்ள கொண்டு வரணும், இல்லன்னா எடுக்கணும், ரெண்டுல ஒண்ணு அன்னைக்கே. விட்டா அடுத்த வாரம் வேற யாரோ சம்பந்தமே இல்லாத ஒரு டெர்ராஃபார்ம் அப்ளை ஓட்டும்போது அந்த ரூல் சத்தமில்லாம காணாம போயிடலாம்.

அந்த பொண்ணு, அக்கவுண்ட்ஸுக்கு போன் போட்டவ, போன மாசம் எங்க செக் ஸ்கிரிப்ட்ட எடுத்து பாத்துட்டு "அண்ணா, இது 0.0.0.0/0 மட்டும் தான் தேடுது, ஐபிவி6ல அதே அர்த்தம் வர்ற ::/0 போட்டா பிடிக்காதே"ன்னா. அதோட நிக்கல, 0.0.0.0/1, 128.0.0.0/1ன்னு உலகத்த ரெண்டா வெட்டி ரெண்டு ரூலா போட்டா ஆடிட் டூல் பலதுக்கு கண்ணு தெரியாதுன்னும் காட்டினா, அப்படி ஒரு ஜோடி நெசமாவே ஒரு அக்கவுண்ட்ல இருந்துச்சு, டிஸ்க்ரிப்ஷன் காலி. இப்ப ஸ்கிரிப்ட்ல ரெண்டும் சேத்தாச்சு, /8ஐ விட பெருசா எது வந்தாலும் கத்தும். அந்த ஜோடிய யார் போட்டாங்கன்னு, அக்கவுண்ட்ல யார் என்ன செஞ்சாங்கன்னு பதிவு பண்ற கிளவுட்டிரெயில்ல தேடினோம், கன்சோல்ல 90 நாள் ஹிஸ்டரி தான் தெரியும், அதுக்கு முந்தினது எஸ்3 ஸ்டோரேஜ்ல சேத்து வச்சிருந்தா தான் உண்டு. அந்த அக்கவுண்ட்ல சேத்து வைக்கல. நாலு டீமுக்கு மெயில் போயிருக்கு, ரெண்டு டீம் எங்களோடது இல்லன்னு எழுதிட்டாங்க, மீதி ரெண்டு பேர்கிட்ட திங்கக்கெழம அவளே கால்ல பேசுறதா சொல்லியிருக்கா.