1/72 மோட்டிலிங்: ஒருவழியாக வசப்பட்டது

இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் போர் விமானமான பிஎஃப் 109 ஜி-6-இன் மாடலில், ஏர்பிரஷால் அடிக்கும் வலப்பக்க மோட்டில் (உருமறைப்புக்கான சிறு வண்ணத் திட்டுகள்) ஒருவழியாக ஒழுங்காக விழுந்துவிட்டது. 1/48 அளவு மாடலில் (நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு) ஓரளவு சமாளிக்கலாம், 1/72-ல் அந்தப் பாச்சா பலிக்காது. நிஜ விமானத்தில் 20 செ.மீ. இருக்கும் திட்டு இதில் 3 மி.மீ.கூட வராது. அதிலும் விளிம்பு கரைந்தாற்போல் இருக்க வேண்டும்.

பிரைமர் (அடிப்பூச்சு), ஆர்எல்எம் 76 (அன்றைய ஜெர்மன் விமான அமைச்சகத்தின் நிற எண்), முதுகில் 74/75 எல்லாம் வழக்கம்போலத்தான்.

மோட்டில் சரியாக வராவிட்டால் எல்லோரும் முதலில் கை வைப்பது காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரில். அது பாதி வேலை. பெயிண்ட் கெட்டியாக இருக்கும்போது அழுத்தத்தை மட்டும் குறைத்தால் காற்றால் அதைத் தூளாக்க முடியாது, பொரிப்பொரியாகத் துப்பும். பெயிண்டை நீர்க்க வைத்துவிட்டு அழுத்தத்தை 20 பிஎஸ்ஐயிலேயே (காற்றழுத்த அலகு) விட்டால் பெயிண்ட் நாலாபக்கமும் சிலந்திக்கால்போல் ஓடும். இரண்டையும் சேர்த்தே இறக்க வேண்டும். இப்போது நிலைத்திருக்கும் கணக்கு: டாமியா அக்ரிலிக் 1 பங்கு, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் 3 பங்கு, 10–12 பிஎஸ்ஐ, 0.2 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளிவரும் முனை), 1 முதல் 2 செ.மீ. தூரம். பிஎஸ்ஐயை டிரிகரை அழுத்திப் பிடித்தபடி பாருங்கள். காற்று ஓடாதபோது முள் காட்டுவதை நம்பக் கூடாது. இந்தத் தின்னர் லாக்கர் வகை, வாடை பொல்லாதது, ரெஸ்பிரேட்டர் முகமூடி இல்லாமல் வேண்டாம்.

இதையும் மீறிப் படுத்துவது ஊசி நுனியில் பெயிண்ட் காய்வது. டிரிகரை வழக்கமான அளவு இழுத்தால் ஒன்றும் வராது. இன்னும் ஒரு மயிரிழை இழுத்தால் பொத்தென்று ஒரு சொட்டு, அதோடு அந்தப் பக்கம் முழுக்கப் பாழ். லெவலிங் தின்னரில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்திருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. எக்ஸ்-20ஏ (டாமியாவின் அக்ரிலிக் தின்னர்) மட்டும் என்றால் டாமியாவின் அக்ரிலிக் ரிடார்டரைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். நாலைந்து திட்டுக்கு ஒருமுறை, தின்னரில் நனைத்த காட்டன் பட்ஸால் நுனியைத் துடைத்து, காகிதத்தில் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மாடல் பக்கம் போக வேண்டும். திட்டுகளுக்கு இடையில் காற்றை நிறுத்தவே கூடாது: முதலில் காற்று, பிறகு பெயிண்ட். முடிக்கும்போது டிரிகரை முன்னே தள்ளிய பிறகே விரலை எடுக்க வேண்டும். பின்பக்கத் திருகை வைத்து ஊசி பின்வாங்கும் தூரத்தைக் கட்டிப்போட்டால் கை நடுங்கினாலும் திட்டு பெருக்காது.

லெவலிங் தின்னரை வல்லேஜோ அக்ரிலிக் பெயிண்டில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். திரிந்த பால்தான். பிறகு நாசிலைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஏர்பிரஷின் பெயிண்ட் கப்பில் குமிழி வந்தால் பெயிண்டைத் திட்டிப் பயனில்லை. நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது விரிந்திருக்கிறது. 0.2 நாசிலின் திருகுக் கழுத்து பொசுக்கென்று முறிந்துவிடும், ஸ்பேனரில் பலம் காட்ட வேண்டாம். மாற்று வாங்கும்போது ஊசியையும் நாசிலையும் ஒரே தயாரிப்பின் ஜோடியாக வாங்குவதே உத்தமம். அளவு ஒன்றாக இருந்தாலும் கூம்பின் சாய்வு ஒத்துவராவிட்டால் கசியும்.

இடப்பக்கம் இன்னும் பாக்கி. அதற்குள் மனம் இத்தாலியப் போர் விமானமான மாக்கி சி.202-இன் ஸ்மோக் ரிங்குக்கு (புகை வளையம்போன்ற உருமறைப்புக் கோலம்) தாவிவிட்டது. அந்த வளையங்களுக்கு இதே கலவை போதுமா, தின்னர் 4 பங்கு வேண்டுமா என்று ஒரு பழைய இறக்கையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.