ஒத்துப்பார்த்தல்

நவம்பர் 3, திங்கள்
அம்மாவின் பரிசோதனை அறிக்கைக்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள், ஆய்வகத்தில். அம்மா வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கணினி எப்போது தயாராகும்?"

நவம்பர் 4
2012இல் வாங்கியது, 4 ஜிபி நினைவகம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11ஐ இந்தப் பெட்டி தாங்காது. இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22.2, பழைய கணினிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என்று முடிவு செய்துவிட்டேன். இறக்க வேண்டிய நிறுவல் கோப்பு மூன்று ஜிபிக்குச் சற்றுக் குறைவு. கைப்பேசியில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபிதான். இன்று பாதி, நாளை மீதி.

அம்மா பழைய தட்டச்சுப்பொறி விசைமுறையில்தான் அடிப்பாள். அது லினக்ஸிலும் உண்டு. அதைச் சொன்னதும் அவள் முகத்தில் வந்த தெளிச்சியை இந்த வாரம் முழுக்க நான் பார்க்கவில்லை.

நவம்பர் 6
ஒத்துவரவில்லை.

கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணுக்கு ஷா-256 என்று பெயர்; 64 எழுத்து. மின்டின் தளத்தில் இருப்பது ஒன்று, என் கோப்புக்குக் கணினி கணக்கிட்டுத் தந்தது வேறொன்று. முதல் எழுத்திலேயே பிரிந்துவிட்டது. கோப்பில் ஒரே ஒரு பிட் பிசகினாலும் எண் அடியோடு மாறிவிடும். கொஞ்சம் தவறு என்ற பேச்சே அதற்குக் கிடையாது. நேற்றிரவு இணைப்பு அறுந்து ஒட்டிய இடத்தில்தான் கெட்டிருக்க வேண்டும். அழித்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து.

நவம்பர் 7
அறிக்கை வந்தது. வயது 58 என்று இருக்கிறது. அம்மாவுக்கு 68.

நவம்பர் 8
அச்சுப்பிழைதான் என்கிறார்கள். பதிவு எண் சரியாம். அந்த எண்ணை எழுதியதும் அதே மேசைதானே? வயதைத் தவறாக எழுதிய கைக்கு எண்ணைத் தவறாக எழுத எவ்வளவு நேரமாகும்? அம்மாவின் மாதிரி வைத்த கண்ணாடித் தகடுகளை மறுபடி பார்க்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். குரலை உயர்த்தியும் விட்டேன். அதற்காக வருந்தவில்லை.

இரவு, கோப்பு முழுதாக இறங்கியது. 64 எழுத்தும் ஒத்துப்போயின. ஆனாலும் தூக்கம் வரவில்லை. 2016 பிப்ரவரி 20 அன்று மின்டின் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்கதவு (கணினிக்குள் ரகசியமாக நுழையும் வழி) வைத்த கோப்பை நோக்கித் திருப்பிவிட்டார்கள். இணைப்பை மாற்ற முடிந்தவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை மாற்றுவது பெரிய வேலையா? கோப்பும் எண்ணும் ஒரே இடத்திலிருந்து வந்தால், அந்த எண் இறக்கம் கெடவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி; அனுப்பியது யார் என்பதற்கு இல்லை. அதற்குத்தான் மின்ட் குழு இடும் மின்கையொப்பம்.

நவம்பர் 9, ஞாயிறு
கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஜிபிஜி நிரல் "நல்ல கையொப்பம்" என்றது. அடுத்த வரியிலேயே, சரிபார்க்கப் பயன்பட்ட இந்தப் பொதுச் சாவி உரியவருடையதுதான் என்பதற்கு அத்தாட்சி இல்லை என்ற எச்சரிக்கை. வயிற்றைப் பிசைந்தது. பிறகுதான் விளங்கியது: சாவிக்கு இன்னும் நான் உறுதி சொல்லவில்லை, அவ்வளவே. சாவியின் கைரேகை எண்ணை, அதாவது அதை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடரை, வேறு வழியில் ஒத்துப்பார்க்க வேண்டும்.

தம்பியின் மடிக்கணினியில் 2019 முதல் அதே சாவி இருக்கிறது. தொலைபேசியில் அவன் வாசிக்க, 40 எழுத்தையும் தாளில் எழுதிக்கொண்டேன். அம்மா தாளை வாங்கிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடி, மர ஸ்கேல். வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, நான்கு நான்காக வாசித்தாள். "இரண்டு, ஏழு, டி, இ. பி, ஒன்று, ஐந்து, ஆறு." நான் திரையைப் பார்த்து "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஐந்தாவது கூட்டத்தில் நிறுத்திவிட்டாள்.

"நான் முடிக்கும் முன்பே சரி என்கிறாய். நீ பார்க்கவில்லை, ஊகிக்கிறாய். இப்போது நீ வாசி, நான் பார்க்கிறேன்."

முப்பது வருடம் அலுவலகத்தில் இப்படித்தான் ஒத்துப்பார்த்தார்களாம், ஒருவர் வாசிக்க, ஒருவர் தாளைப் பார்க்க. இடங்களை மாற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வந்தோம். கடைசிக் கூட்டம்: ஏ, இ, பூஜ்யம், ஒன்பது. சரி.

தாளின் ஓரத்தில் தேதியிட்டுச் சுருக்கொப்பம் போட்டாள். நானும் போட்டேன்.

நவம்பர் 10
ஆய்வகத்திலிருந்து பேச்சில்லை. அம்மாவின் கோப்புகள் 212. இரண்டு இடங்களில் நகலெடுத்து, எண்ணிப் பார்த்தேன்.

நவம்பர் 11
பென்டிரைவ் தயார். வட்டை அழிக்கட்டுமா என்று கேட்கும் திரை வரை போய்த் திரும்பிவிட்டேன். நகல்களை இன்னொரு முறை திறந்து பார்த்துவிடலாம்.

நவம்பர் 12
காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டித் துடைத்து வைத்திருக்கிறாள்.