நானூறு பேருக்கு நாற்பது பேர்

ஜனவரி 8

சோழர் காலப் படம். நான் நாலாவது உதவி இயக்குநர், அதாவது கூட்டம் சேர்க்கிற ஆள். கோயில் தெருக் காட்சிக்கு நாற்பது பெண்கள் வேண்டும் என்றதும் ஏஜென்ட் கேட்டது ஒன்றுதான்: "இதுல ரிச் கேர்ள் எத்தனை?"

கோடம்பாக்கத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிச் கேர்ள் என்றால் பணக்காரப் பெண் இல்லை. சிவப்பாக, நகரத்துச் சாயலில் இருக்கிற துணை நடிகை. பார்ட்டி காட்சிக்கும் பணக்கார வீட்டுக் கல்யாணக் காட்சிக்கும் கூப்பிடுவார்கள். ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூரில் அவர்களுக்கு என்ன வேலை என்றேன். "முன்வரிசைக்கு மேடம்."

ஜனவரி 11

பெரிய கோயில் கல்வெட்டை அச்சில் படித்தேன். பிற ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப் பெண்களை, தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய செய்தி. மொத்தமாக "நானூறு பேர்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. எந்தச் சிறகில் (தெருவின் எந்தப் பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வெட்டியிருக்கிறார்கள். சேரமங்கை. ஏகவீரி. மறைக்காடு. எடுத்தபாதம்! (நடராசரின் தூக்கிய காலை ஒரு பெண்ணுக்குப் பெயராக வைத்தவரைப் பார்க்க ஆசை.) ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் வருஷத்துக்கு நூறு கலம் நெல்.

இவர்கள் விரும்பித்தான் வந்தார்களா என்று கல் சொல்லவில்லை. அதனால் பொற்காலம் என்று நான் குதிக்கப்போவதில்லை. ஆனால் எங்கள் திரைக்கதையில் பெயருள்ள பெண்கள் மூன்றே பேர்: அரசி, இளவரசி, சதிகாரி. மற்றவர்கள் "தோழி 1", "தோழி 2".

ஜனவரி 12

கருவறையைச் சுற்றியுள்ள சோழர் ஓவியங்களின் படங்களை மேக்கப் மாஸ்டரிடம் காட்டினேன். நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் கிடந்து, 1931இல் வெளியே தெரிந்தவை. அதில் இருக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே நிறமில்லை. மாஸ்டர் நிதானமாகப் பார்த்தார். "அழகா இருக்கு. ஆனா டைரக்டர்கிட்ட நீயே சொல்லு."

சொன்னேன். "கதாநாயகி பக்கத்துல நிக்கிறவங்க மட்டும் பளிச்சுனு இருக்கட்டும், மத்தது உன் இஷ்டம்" என்றார். சரி, பாதி வெற்றி. கதாநாயகி பம்பாய்க்காரர், தமிழ் தெரியாது. அது தனிக் கதை.

ஜனவரி 19

ஷூட்டிங். நாற்பது துண்டுச்சீட்டில் கல்வெட்டுப் பெயர்களை எழுதி ஆளுக்கொன்று கொடுத்தேன். பலர் சிரித்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்கள். ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா மட்டும் விடவில்லை.

"யாரும்மா இந்த ஏகவீரி?"

சொன்னேன்.

"நெல்லு சரி. வீடுமா குடுத்தான்?"

"ஆமாக்கா. தெருவோட."

"வாடகை?"

இல்லை என்றேன். அவர் வெகுநேரம் செட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் பிளைவுட், பின்பக்கம் சவுக்குக் கம்பு. அப்புறம் ஒரு வாசலைக் காட்டி, "அப்ப நான் அங்க நிக்கிறேன்" என்றார்.

நின்றார். கேட்காமலே குனிந்து கோலம் போட ஆரம்பித்தார். கேமராமேன் அதைப் பார்த்துவிட்டு ஒரு ஷாட் எடுத்தார். அதற்குள் மேனேஜர் வந்து முன்வரிசையை வழக்கம்போல் மாற்றி நிறுத்திவிட்டுப் போனார்.

ஜனவரி 20

அரசியின் கிரீடம் உடைந்தது. நாள் முழுக்க அதுதான்.

மார்ச் 3

எடிட்டில் கோல ஷாட் போய்விட்டது. படம் நீளமாம். போர்க்காட்சி மட்டும் இன்னும் நாலு நிமிஷம் கூடியிருக்கிறது.

மார்ச் 9

கூட்டத்துக்கு டப்பிங். ஆறு பெண்கள் மைக்கைச் சுற்றி நின்று இரைச்சல் கொடுக்க வேண்டும். வசனம் கிடையாது, வாய்க்கு வந்ததைப் பேசலாம். போன தடவை ஒருவர் மளிகைச் சாமான் பட்டியலையே சொன்னார். நான் பழைய துண்டுச்சீட்டுகளைக் கொடுத்து, ஒருவரை ஒருவர் இந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன்.

"ஏ மறைக்காடு, இங்க வா!" "ஏகவீரி எங்கடி?"

இன்ஜினியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒலியைக் கொஞ்சம் குறைத்தார், நீக்கவில்லை.

ஹெட்போனில் தெளிவாகக் கேட்கிறது. தியேட்டரில் பார்க்கலாம்.