ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அந்த தண்ணிய குடிக்கணுமா?

வாணியம்பாடி பக்கம் பாலாத்தங்கரையில எங்க ஆயா வீடு. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே அந்த வீட்டு கிணத்துல குடிக்க தண்ணி எடுக்குறத ஆயா நிறுத்திட்டாங்க. தண்ணி கரிச்சுது, தென்னை குரும்பை குரும்பையா கொட்டுச்சு. தோல் பதனிடுற டேனரி கழிவுதான் காரணமான்னு கேட்டா யாரும் அடிச்சு சொல்லல, டெஸ்ட் பண்ணி பாக்கணும்னாங்க. ஆயா அதுக்காக காத்திருக்கல, தினமும் தூரத்து கிணத்துல இருந்து ரெண்டு குடம் சுமந்தாங்க.

ஆயா செஞ்சதத்தான் 1996 ஆகஸ்ட் 28ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லுச்சு. டேனரி கழிவுக்கு எதிரா வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸ், நீதிபதி குல்தீப் சிங் அமர்வு. அறிவியல்பூர்வமா முழு உறுதி இல்லங்குறத காரணம் காட்டி தடுப்ப தள்ளிப்போடக் கூடாது, கெடுதல் இல்லன்னு நிரூபிக்குறது தொழில் நடத்துறவங்க பொறுப்புன்னு தீர்ப்பு. திண்டுக்கல் பக்கம் 13 கிராமத்துல 467 கிணத்துல 350 கெட்டுப்போச்சுங்குற சர்வே கூட அதுல இருக்கு. நம்ம பாலாத்தால வந்த கேஸு இந்தியா முழுக்க சட்டமாச்சு, இத படிச்ச அன்னைக்கு எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

தோல் தொழில் வேண்டாம்னு நான் சொல்லல, எங்க மாமா டேனரி சம்பளத்துலதான் மூணு பொண்ணுங்கள கட்டிக்கொடுத்தாரு. ஆனா சுத்திகரிக்குற செலவ மிச்சம் புடிச்சு அத ஊர்க்காரங்க உடம்புல ஏத்துறது நியாயமே இல்ல.

இப்ப இத எழுதுறதுக்கு காரணம், போன வாரம் தம்பி அந்த கிணத்துல டிடிஎஸ் மீட்டர விட்டு பாத்துட்டு 480தான் காட்டுது, 500க்குள்ள இருக்கு, குடிக்கலாம்னு சொன்னான். டிடிஎஸ் மீட்டர் தண்ணியில மொத்தமா எவ்வளவு கரைஞ்சிருக்குன்னுதான் காட்டும், டேனரியில போடுற குரோமியங்குற உலோகத்த தனியா காட்டாது. குரோமியத்துக்கு லிமிட்டே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான், அது அந்த மீட்டர்ல எங்க தெரியப்போகுது. தோல் பதனிட போடுறது குரோமியம்-3ங்குற வகை, அதுல ஆபத்து கம்மி, ஆனா சில சூழ்நிலையில அது குரோமியம்-6ஆ மாறலாம், அது புற்றுநோய் வரவைக்கிற வகை. எங்க கிணத்துல மாறியிருக்கான்னு கண்ணால பாத்து சொல்ல முடியாது. காய்ச்சினா சரியாயிடும்னு சித்தி சொன்னாங்க, காய்ச்சினா கிருமி சாகும், உலோகம் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாத்தான் ஆகும்.

குரோமியம் பாக்குற லேபுக்கு சாம்பிள் குடுத்திருக்கேன். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அந்த தண்ணி குடிக்கவும் வேணாம், சமைக்கவும் வேணாம், மாட்டுக்கும் வைக்காதீங்கன்னு வீட்ல சொல்லிட்டேன். தம்பிக்கு கோவம், கேன் தண்ணிக்கு வீணா செலவுங்குறான். பரவால்ல, அந்த காச நானே தரேன்னுட்டேன்.