மூக்குக்குப் பிடித்த புகை

குளிர்நாட்டுக்கு வந்து சேர்ந்தவரை முதலில் உலுக்குவது குளிர் இல்லை, வாசம். மைனஸ் 20 டிகிரியில், இலைகூட அசையாத காலையில் கதவைத் திறந்தால் விறகடுப்புப் புகை! ஒரு நொடி பாட்டியின் அடுப்படிக்கே போய்விடுகிறோம். அடுத்த நொடி கைபேசியில் காற்றுத்தர எண் சிவப்பில் நிற்கிறது.

‘அங்கே காற்று சுத்தம்’ என்று வழியனுப்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. வெயில் காயும் ஊரில் சூடான தரை காற்றை மேலே தள்ளும், புகையும் கூடவே போய்விடும். இங்கே நீண்ட இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று கனத்துக் கிடக்கிறது. அதன்மேல் சற்றே வெதுவெதுப்பான காற்று, பானைக்கு மூடி போட்டதுபோல. மேகமும் காற்றும் இல்லாத அழகான நாள்தான் மோசமான நாள்.

மூடிக்குள் வேகுவது ஊருக்கு ஊர் வேறு. மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் நிலக்கரி; 2019இல் பதப்படுத்தாத நிலக்கரிக்குத் தடை வந்தது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடும் அம்மோனியாவும் கூடி, காற்றிலேயே அமோனியம் நைட்ரேட் துகளாகின்றன. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களும் மோசம்; சூடேறும்வரை, வண்டிப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சும்மா தொங்கும் இரும்புதான்.

ஆனால் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் போன்ற ஊர்களில் முதல் குற்றவாளி விறகு. அதிலும் ஈர விறகு. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீர் இருக்கும். அதை ஆவியாக்கவே நெருப்பின் சூடு செலவாகி, எரியாத தார்ச்சத்து புகையாகப் போகிறது. மிச்சம் புகைபோக்கியில் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். விடியும்வரை தாங்கட்டும் என்று படுக்கப்போகும்போது காற்று வழியை அடைப்பது அடுத்த தவறு. கனன்று கிடக்கும் விறகுதான் அதிகம் புகையும்.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்கவேண்டும். பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்துவிட்டு, குறைந்தது ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும். தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் உள்ளேயே புழுங்கும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் ‘டங்’ என்றால் காய்ந்தது, ‘தொப்’ என்றால் ஈரம். பற்றவைத்து இருபது நிமிடம் கழித்து வெளியே போய்ப் பாருங்கள்: புகைபோக்கியை விட்டதும் கரையும் வெண்மை நீராவி, நீலச் சாம்பல் நிறத்தில் இழுபட்டால் அது புகை.

இத்தனையும் பழகினால் இந்த ஊர்க்காரர் ஆகிவிட்டோம் என்று தோன்றும். ஆனாலும் பக்கத்து வீட்டில் மூட்டியதும் மூச்சை ஆழ இழுக்கத்தான் செய்கிறது இந்த மூக்கு, நுரையீரலின் ஆழம்வரை போகும் 2.5 மைக்ரான் நுண்துகளைப் பற்றி எத்தனை சொன்னாலும்.

ஒன்று விட்டுப்போனது. மின்சாரம் கடத்துவதை வைத்து விறகின் ஈரத்தை அளக்கும் ஈரமானியை, வெளியே கிடந்த விறகில் அப்படியே குத்தாதீர்கள். உறைந்த தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. பச்சை மரமும் காய்ந்ததாகக் காட்டும். உள்ளே வைத்து, குளிர்விட்டபின் பிளந்து, புதிதாகத் திறந்த நடுப்பகுதியில் குத்துங்கள்.