திறன் அடிப்படை அப்ரண்டிஸ் பயிற்சி: ஒரு ஃபிட்டர்-டர்னரின் குறிப்புகள்

ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று ஏதாவது ஒரு டிரேடில் அப்ரண்டிஸாகச் சேரப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வருஷம் ஆகும்?" என்பதுதான். பயிற்சி திறன் அடிப்படையில் நடக்கிறது என்றால் இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஒப்பந்தத்தில் ஒரு கால அளவு எழுதியிருக்கும். ஆனால் நீங்கள் அடுத்த நிலைக்குப் போவது, எத்தனை யூனிட்டில் (பயிற்சியைப் பிரித்திருக்கும் திறன் பகுதிகளில்) 'திறன் பெற்றவர்' என்று உங்கள் பெயருக்கு நேரே பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் இந்த முறையில்தான் ஃபிட்டிங்கும் மெஷினிங்கும் கற்று முடித்தேன். பிற்பாடு அப்ரண்டிஸ்களின் லாக்புக்கில் (செய்த வேலையை எழுதிவைக்கும் பதிவேட்டில்) கையெழுத்துப் போடும் இடத்திலும் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் தெரிந்தது இது: வேலையை நன்றாகச் செய்துகொண்டே இருந்தால் முன்னேற்றம் தானாக வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள்தான் பின்தங்குகிறார்கள்.

காலத்தை வைத்துத் தொழிலாளியை அளப்பது பழைய பழக்கம். இங்கிலாந்தில் 1563-ல் வந்த சட்டம், குறைந்தது ஏழு ஆண்டு பயிலாமல் யாரும் கைத்தொழில் நடத்தக் கூடாது என்றது. அந்தப் பிரிவை நீக்க 1814 வரை ஆனது. இன்றும் ஜெர்மனியில் தொழிற்சாலை மெக்கானிக் பயிற்சிக்கு மூன்றரை ஆண்டு என்று கணக்கு. இடையில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. மதிப்பெண்ணில் முதலாவதற்கு 40 சதவீதம், இரண்டாவதற்கு 60. ஆஸ்திரேலியாவின் உற்பத்தித் துறை ஊதிய விதியில் வேறு கணக்கு. அங்கே நான்கு நிலைகள். மொத்தத் திறன்களில் 25 சதவீதம் முடித்தால் இரண்டாம் நிலைச் சம்பளம், 50 முடித்தால் மூன்றாம் நிலை, 75 முடித்தால் நான்காம் நிலை. இல்லையென்றால் ஒரு நிலையில் 12 மாதம் ஆனதும் அடுத்தது. இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. வேகமாகக் கற்பவர் காத்திருக்க வேண்டாம், மெதுவாகக் கற்பவருக்குச் சம்பளம் நின்றுபோகாது. நீங்கள் எந்த நாட்டில் சேர்ந்தாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், யூனிட் பதிவு தாமதமாகும்போது நஷ்டம் முழுக்க உங்களுக்குத்தான்.

சேர்ந்த வாரமே உங்கள் டிரேடுக்கான யூனிட் பட்டியலையும் ஒவ்வொரு யூனிட்டின் விவர ஆவணத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். படிக்க அலுப்பாகத்தான் இருக்கும், ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாக எழுதியது போலத் தோன்றும். அதில் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். லேத் (கடைசல் இயந்திரம்) யூனிட்டில் 'கடைகிறார்' என்பது ஒரே ஒரு வரியாக இருக்கும். 'டிராயிங்கிலிருந்து தேவையை நிர்ணயிக்கிறார்', 'டூலைத் தேர்ந்தெடுக்கிறார்', 'வேகத்தையும் ஃபீடையும் (டூல் முன்னேறும் அளவையும்) கணக்கிடுகிறார்', 'அளவைச் சரிபார்க்கிறார்', 'விலகல் இருந்தால் திருத்துகிறார்' என்று மீதி எல்லாம் கடைவதற்கு முன்னும் பின்னும் நடப்பவை. வேறொருவர் செட்டிங் செய்து கொடுத்த மெஷினில் நீங்கள் நாள் முழுக்க ஆயிரம் ஜாப் கடைந்தாலும் அந்த யூனிட்டில் ஒரு வரிதான் நிரம்பும்.

அதே பட்டியலில் முன்தேவைகளையும் பாருங்கள். டிராயிங் படிப்பது, அளவெடுப்பது, கைக்கருவிகள் ஆகிய மூன்றும் வேறு பல யூனிட்டுகளுக்கு வாசல். இவை எளிது என்று பலர் தள்ளிப்போடுவார்கள். அப்புறம் லேத், மில்லிங் எல்லாம் கைவந்தும் பதிவேறாமல் நிற்கும்.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். பட்டறைக்கு உற்பத்தி வேண்டும், உங்களுக்கு விதவிதமான வேலை வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாது. ஒரு வேலையில் கை தேறியதும் ஃபோர்மேன் அதே வேலையைத்தான் மறுபடி மறுபடி தருவார், அவர் மேல் தப்பில்லை. நான் பயின்ற இடத்தில் ஒரே வகை புஷ்ஷைக் கடைவதிலேயே பல மாதம் ஓடியது. அந்த மாதங்களில் என் லாக்புக்கில் பக்கம்தான் கூடியது, யூனிட் கூடவில்லை. இதற்கு முறையிடுவதைவிட, கேட்கும் விதத்தை மாற்றியது பலன் தந்தது. 'எனக்கு வேறு வேலை கொடுங்கள்' என்று கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். 'இந்த யூனிட்டில் ஃபோர் ஜா சக்கில் (நான்கு தாடையுள்ள பிடிப்பானில்) ஒரு ஜாப்பை மையப்படுத்தியதற்கான சான்று மட்டும் பாக்கி, அடுத்த வாரம் வரும் ஆர்டரில் அப்படி ஒன்று இருக்கிறது, அதை நான் செய்யட்டுமா?' என்று கேட்டால் மறுப்பது கடினம். இப்படிக் கேட்க வேண்டுமானால் பாக்கி என்ன, ஆர்டரில் என்ன வருகிறது, இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தப் பயிற்சியில் பாதித் திறமை இதில்தான் இருக்கிறது.

சான்று என்றால் என்ன? நான்கு விஷயம் பார்ப்பார்கள். யூனிட் கேட்பதற்குப் பொருந்துகிறதா, போதுமான அளவு இருக்கிறதா, உங்கள் வேலைதானா, இன்றைக்கும் செல்லுமா. பலர் கடைசியை மறந்துவிடுகிறார்கள். வெல்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஐ.எஸ்.ஓ. 9606-1 தரத்தின்படி பெற்ற வெல்டர் சான்றிதழை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அந்த முறையில் தொடர்ந்து வெல்ட் செய்கிறார் என்று பொறுப்பாளர் கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டும். இல்லையென்றால் அது செல்லாது. 'போதுமான அளவு' என்பதற்கும் வெல்டிங்கே நல்ல உதாரணம். படுக்கை நிலையில் ஃபில்லெட் வெல்ட் (இரண்டு தகடு சேரும் மூலையில் போடுவது) எவ்வளவு அழகாகப் போட்டாலும், கீழிருந்து மேலாகச் செங்குத்தாகப் போடத் தெரியும் என்பதற்கு அது சான்றாகாது. செங்குத்தில் தேறினால் படுக்கை நிலையும் அதில் அடங்கிவிடும். அதனால் யூனிட்டில் எந்தச் சான்று கடினமோ அதை முதலில் குறிவைத்தால் எளியவை சில நேரம் கூடவே வந்துவிடும்.

லாக்புக்கை அன்றன்றைக்கே எழுதுங்கள். 'லேத்தில் ஷாஃப்ட் கடைந்தேன்' என்ற வரியை வைத்து அசெஸரால் (திறனை மதிப்பிடுபவரால்) எதையும் முடிவு செய்ய முடியாது. என்ன உலோகம், டிராயிங் எண், எந்த அளவுக்கு என்ன டாலரன்ஸ் (அனுமதித்த ஏற்ற இறக்கம்), எப்படிப் பிடித்தீர்கள், எந்தக் கருவியால் அளந்தீர்கள், என்ன அளவு வந்தது, வழியில் என்ன சிக்கல் வந்து என்ன செய்தீர்கள், இவ்வளவும் ஐந்தாறு வரியில் அடங்கும். கூடவே அளவுத்தாளின் நகல், அனுமதி இருந்தால் ஒரு படம். சிக்கல் வந்த ஜாப்பை மறைக்க வேண்டாம். எல்லாம் சரியாகப் போன வேலையைவிட, டூல் தேய்ந்து அளவு நழுவியதைப் பாதியில் கண்டுபிடித்துச் சரிசெய்த பதிவுக்கு மதிப்பு அதிகம்.

நேரடி மதிப்பீடு நடக்கும் நாளில் அசெஸர் பெரும்பாலும் பேசாமல் பார்ப்பார், நடுநடுவே கேள்வி கேட்பார். கேள்விகள் 'ஏன்' என்றுதான் இருக்கும். எம்10 டேப்புக்கு (10 மி.மீ. உள்மரை வெட்டும் கருவிக்கு) ஏன் 8.5 மி.மீ. டிரில்? பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்) 1.5, பத்தில் அதைக் கழித்தால் 8.5. இது எளிது. கொஞ்சம் ஆழமான ஒன்றைச் சொல்கிறேன். 25 மி.மீ. ஷாஃப்டில் ஜி6 ஃபிட் (ஷாஃப்டின் அளவு வரம்பைக் குறிக்கும் ஒரு டாலரன்ஸ் வகை) என்றால் அளவு 24.980-க்கும் 24.993-க்கும் நடுவில் இருக்க வேண்டும், அதாவது வெறும் 13 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடைவெளி. கடைந்து முடித்த சூட்டிலேயே மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அளவு கூடுதல் என்று இன்னொரு கட் கொடுக்கப் போனால் அசெஸர் என்ன நினைப்பார்? நீட்டளவுக்கான நிலையான வெப்பநிலை 20 டிகிரி. ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். ஜாப் 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 25 மி.மீ. விட்டம் கிட்டத்தட்ட 9 மைக்ரான் பெரிதாகத் தெரியும். உள்ள இடைவெளியில் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும். அந்தக் கூடுதல் கட் கொடுத்துவிட்டு ஆறவிட்டு அளந்தால் ஷாஃப்ட் ஸ்க்ராப். கையைக் கட்டிக்கொண்டு ஆறும் வரை காத்திருந்து, ஏன் காத்திருக்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தெரிந்தவன் என்று அங்கேயே புரிந்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் கவனிப்பார்கள்: எதிர்பாராதது நடந்தால் என்ன செய்கிறீர்கள் என்று. டிராயிங்கில் ஒரு அளவு விடுபட்டிருக்கலாம், மைக்ரோமீட்டரின் பூஜ்ஜியம் நகர்ந்திருக்கலாம். சில அசெஸர்கள் இவற்றை வேண்டுமென்றே வைப்பார்கள். அவசரப்பட்டு ஊகிக்காமல் நிறுத்திக் கேளுங்கள். பராமரிப்பு யூனிட் என்றால் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு டேக் மாட்டிய பிறகு, ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி ஓடவில்லை என்று உறுதிசெய்வதை விட்டுவிடாதீர்கள். வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

'இன்னும் திறன் பெறவில்லை' என்று வந்தால் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இந்த முறையில் மதிப்பெண் இல்லை, தரவரிசை இல்லை. எந்த வரி நிரம்பவில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி காட்டினால் போதும். முடிவு நியாயமில்லை என்று தோன்றினால் மேல்முறையீட்டு வழி இருக்கும், அதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

முன்பே வேறு பட்டறையில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்தவுடனேயே முன்கற்றலுக்கான அங்கீகாரம் கேட்க வேண்டும். தெரிந்ததையே மறுபடி உட்கார்ந்து கற்க வேண்டியதில்லை. பழைய முதலாளியின் கடிதம் மட்டும் போதாது. செய்த வேலையின் விவரமும், தேவைப்பட்டால் நேரில் செய்துகாட்டத் தயாராக இருப்பதும் வேண்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் கையெழுத்து மலிவாகக் கிடைக்கும். பார்க்காமலே மொத்தமாக நான்கு யூனிட்டுக்குப் போட்டுத் தருவார்கள். வாங்கும்போது சந்தோஷமாக இருக்கும். சம்பளம் ஏறியதும் அந்த நிலைக்குரிய வேலையைத்தான் தருவார்கள், பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தபோது நான் இதில் கறாராக இருந்தேன், சிலருக்கு என் மேல் வருத்தமும் உண்டு.

கடைசியாக, எல்லாப் பட்டறையிலும் எல்லா மெஷினும் இருக்காது. சர்ஃபேஸ் கிரைண்டரோ, கியர் வெட்டும் வசதியோ இல்லாத இடத்தில் அந்த யூனிட்டுகள் இறுதி வரை காலியாகக் கிடக்கும், மற்றதெல்லாம் முடித்தவர்களும் இதற்காகவே மாதக்கணக்கில் தேங்குவார்கள். பட்டியலை வாங்கிய உடனேயே இவற்றைப் பிரித்து எழுதி, நிறுவனத்திடமும் பயிற்சி மையத்திடமும் கொடுத்துவிடுங்கள். விருப்ப யூனிட்டாக இருந்தால் வேறொன்றை மாற்றிக்கொள்ளலாம். கட்டாயம் என்றால், சில வாரம் வேறு பட்டறைக்கு அனுப்பவோ பயிற்சி மையத்திலேயே செய்து முடிக்கவோ ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.