கலரில் இருந்திருந்தால்

ஓடிடி நிகழ்ச்சிகளைப் பார்த்து வயது வரம்பும் எச்சரிக்கை டேக்கும் போடும் டீம் எங்களுடையது; நான் லீட், அவள் என் டீமில் ஒருத்தி. எக்ஸ்-ஃபைல்ஸ் என்ற அமெரிக்க மர்மத் தொடர், ஐந்தாவது சீசன், ஐந்தாவது எபிசோட். அதற்கு அவள் போட்டிருந்த 'பாலியல் வன்முறை' என்ற டேக்கை எடுத்துவிட்டு 'பாலியல் குறிப்புகள்' என்று மாற்றி மேலே அனுப்பியவன் நான்தான். வயது வரம்பில் கை வைக்கவில்லை. அவள் போட்ட யு/ஏ 16+ அப்படியே போனது.

மாற்றும்போது பக்கத்து சீட்டிலிருந்து அவள் கேட்டது இவ்வளவுதான்: "இதே எபிசோட் கலர்ல இருந்திருந்தா என்ன போட்டிருப்பீங்க சார்?"

"கலர்ல இருந்தா அது வேற எபிசோட்மா" என்றேன். இன்றைக்கும் அது சரியான பதில் என்றுதான் நினைக்கிறேன். சரியான பதில் சொன்னவனை அந்தக் கேள்வி ஏன் பஸ்ஸிலும் குளியலறையிலும் வந்து பிடிக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 'தி போஸ்ட்-மாடர்ன் ப்ரோமிதியஸ்' என்று பெயர். 1997 நவம்பர் 30 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரே எழுதி இயக்கியது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. 1931-ல் ஜேம்ஸ் வேல் எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்கு ஒரு பெரிய கும்பிடு என்றே சொல்லலாம். இடி மின்னல், தீப்பந்தத்தோடு திரண்டு வரும் ஊர்க்கூட்டம், பற்றி எரியும் கொட்டகை என்று பழைய பேய்ப்படச் சாமான்கள் எல்லாம் உண்டு. மேரி ஷெல்லி 1818-ல் தன் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலுக்கு வைத்த 'தி மாடர்ன் ப்ரோமிதியஸ்' என்ற துணைத்தலைப்பைத்தான் எபிசோடின் தலைப்பு சீண்டுகிறது. அதில் வரும் விஞ்ஞானிக்கு பொலிடோரி என்று பெயர். 1816-ல் ஜெனீவா ஏரிக்கரையில் ஷெல்லி அந்தக் கதையைத் தொடங்கிய கோடையில் அவர்களோடு இருந்த டாக்டரின் பெயர் அது. கலை இயக்கத்துக்காக எம்மி விருதும் வாங்கிய எபிசோட். இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்ட தலைமுறை நான். இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே எனக்குப் பிடித்த எபிசோட்களில் ஒன்று. அதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது.

சரி, இத்தனை அலங்காரத்துக்கும் கீழே நடப்பது என்ன? இண்டியானாவில் ஒரு சின்ன ஊர். ஒரு பெண்ணை அவள் வீட்டிலேயே மயக்க மருந்து கொடுத்துக் கிடத்துகிறார்கள். எழுந்தபின் பார்த்தால் கர்ப்பம். பல வருடங்களுக்கு முன்பும் அவளுக்கு இதேதான் நடந்தது. அப்படிப் பிறந்தவன்தான் அவளுடைய மகன். ஊரில் இன்னும் சிலருக்கும் நடந்திருக்கிறது. காரணம், இரண்டு முகங்களோடு பிறந்த முடாட்டோ என்ற ஒரு பாவப்பட்ட ஜீவன். அவனை வளர்த்த கிழவர், அவனுக்கு ஒரு துணையை உண்டாக்கப் பார்த்த கதை அது. இது நடக்கும்போது வீட்டுக்குள் வெள்ளைப் புகை, பின்னணியில் பாடகி ஷேரின் பாட்டு.

அவள் 1931 படத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியமும் எங்கள் வேலையில் இல்லை. நைட் ஷிஃப்டில், வரிசையில் அடுத்து வந்த ஃபைல் என்றுதான் இதைத் திறந்திருக்கிறாள். குறிப்புப் பகுதியில் இரண்டு வரி எழுதியிருந்தாள். முதல் வரி: 'பெண்கள் சம்மதமில்லாமல் மயக்கப்பட்டுக் கருவுறச் செய்யப்படுகிறார்கள்.' இரண்டாவது: 'செய்தவனுக்குக் கடைசியில் பரிசு.' இரண்டாவது வரியை நீக்கச் சொன்னேன். குறிப்பில் அபிப்பிராயம் வரக்கூடாது. அதில் எனக்கு இன்றும் எந்த உறுத்தலும் இல்லை.

முதல் வரியில்தான் சிக்கல். ஓடிடி நிகழ்ச்சிகளைத் தரம்பிரிக்க 2021-ல் வந்த விதிகள் எதையெல்லாம் பார்க்கச் சொல்கின்றன? சூழல், கரு, தொனி, தாக்கம், யாருக்கான படைப்பு. நான் பிடித்துக்கொண்டது தொனியை. திரையில் செயல் என்று எதுவும் காட்டப்படவில்லை. எபிசோடே ஒரு காமிக்ஸ் புத்தகத்தைத் திறப்பதுபோலத் தொடங்கி, ஒரு காமிக்ஸ் பக்கமாக உறைந்து முடிகிறது. கடைசியில் தொடரின் நாயகனான எஃப்.பி.ஐ. அதிகாரி முல்டர், கதை இப்படி முடியக்கூடாது, எழுதியவரைக் கூப்பிடுங்கள் என்கிறான். உடனே கதை தடம் மாறுகிறது. பிடிபட்ட முடாட்டோ ஷேர் கச்சேரிக்குப் போய் ஆடுகிறான். அந்தப் பெண்கள் ஜெர்ரி ஸ்ப்ரிங்கர் ஷோ என்ற டாக் ஷோவில் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். முல்டரும் அவன் கூட்டாளி ஸ்கல்லியும் கைகோத்து ஆடுகிறார்கள். இதில் எதையும் நிஜம் என்று நம்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஒன்றின் தலையில் 'பாலியல் வன்முறை' என்று எழுதினால், பார்க்க உட்காருகிறவர் வேறு ஏதோ ஒன்றை எதிர்பார்த்து உட்காருவார். டேக் என்பது தீர்ப்பு இல்லை, முன்னறிவிப்பு. இது என் கட்சி.

அவள் கட்சியை அவள் சொல்லவே இல்லை. கலரைப் பற்றி அந்த ஒரு கேள்வி, அவ்வளவுதான். மீதியை எனக்கு நானே அவளுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறேன். தொனியை வைத்துத் தள்ளுபடி கொடுக்க ஆரம்பித்தால், அழகாக லைட்டிங் செய்யத் தெரிந்தவருக்கெல்லாம் தள்ளுபடி கொடுக்க வேண்டும். முடாட்டோவுக்கு ஊர்க்கூட்டத்தின் முன் நீளமான ஒரு பேச்சு கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் மனது இளகும். அந்தப் பெண்களுக்கு அப்படி ஒரு பேச்சு இல்லை, டாக் ஷோவில் ஒரு சிரிப்பு மட்டும். இதை முன்பு பல தடவை பார்த்தபோது நான் கவனிக்கவில்லை. கவனிக்காததற்குக் காரணம் படம் நன்றாக எடுக்கப்பட்டிருந்தது என்பதா, நான் ஆண் என்பதா என்று கேட்டால், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

அவளுக்குக் கறுப்பு வெள்ளை மேல் ஒவ்வாமை என்றும் சொல்ல முடியாது. சூப்பர்நேச்சுரல் தொடரின் நான்காவது சீசனில், 2008-ல் வந்த 'மான்ஸ்டர் மூவி' எபிசோடும் அவள் டேபிளுக்குத்தான் வந்தது. அதுவும் முழுக்கக் கறுப்பு வெள்ளை, அதுவும் பழைய டிராகுலா, ஓநாய் மனிதன், மம்மி படங்களுக்குக் கும்பிடு. டிராகுலா வேடம் போட்டுத் திரியும் உருமாறி ஒருவன், பீட்சா வாங்கும்போதும் டிராகுலாவாகவே பேசுவான். அவளே சிரித்துக்கொண்டு எனக்குக் காட்டினாள். அவனுக்கும் சோகமான சிறுவயதுக் கதை உண்டு, உருக்கமான பேச்சு உண்டு. ஆனால் கடத்திக்கொண்டு போன பெண் கையில் துப்பாக்கி கிடைக்கிறது, அவளே சுட்டுவிடுகிறாள். அந்த ஃபைலில் எங்களுக்குள் எந்தப் பேச்சும் எழவில்லை.

இன்னொன்றும் நடந்தது. என் வாதத்துக்கு வலு சேர்ப்பதாக நினைத்து, 1931 படத்தின் கதையை அவளுக்குச் சொன்னேன். படம் தொடங்கும் முன்பே நடிகர் எட்வர்ட் வான் ஸ்லோன் திரைச்சீலைக்கு முன்னால் வந்து, இது உங்களை அதிர வைக்கலாம், நடுங்க வைக்கலாம் என்று எச்சரித்துவிட்டுப் போவார். "நம்ம டேக்குக்கெல்லாம் தாத்தா அதுதான்" என்றேன். அப்புறம் ஏரிக்கரைக் காட்சி. போரிஸ் கார்லாஃப் நடித்த அந்த உருவமும் மரியா என்ற சின்னப் பெண்ணும் பூக்களைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். பூ தீர்ந்ததும் அவளையும் பூவாக நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவான். தூக்கிப் போடும் இடத்தைத் தணிக்கையில் வெட்டினார்கள். 1980களில்தான் அது திரும்பச் சேர்ந்தது. அதுவரை பார்த்தவர்களுக்கு, அவன் அவளை நோக்கிக் கை நீட்டுவான், அடுத்து அப்பா பிணத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் வருவார். நடுவில் என்ன நடந்தது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டது, வெட்டியதைவிடப் பல மடங்கு மோசம். "அவங்க வெட்டினாங்க. நாம எதையும் வெட்டலையே, லேபிள்தானே ஒட்டறோம்" என்று முடித்தேன்.

சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன், நம் எபிசோடிலும் அதேதான் இருக்கிறது. புகை வருகிறது, பாட்டு வருகிறது, அடுத்து ஒரு கர்ப்பிணி. நடுவில் ஒன்றும் காட்டவில்லை என்பதைத்தானே நான் சாதகமாகச் சொன்னேன்! அவளுக்கும் புரிந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டாள். அவள் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் சிஸ்டத்தில் லீட் ஒரு டேக்கை மாற்றினால், அது போட்டவருடைய பிழைக் கணக்கில் தானாக ஏறிவிடும். மாதக் கடைசியில் அவளுடைய ஸ்கோர் இறங்கியிருந்தது. அது நியாயமில்லை என்று பட்டதால் மேலே மெயில் எழுதினேன்: 'அவர் செய்தது பிழை அல்ல, இரண்டு விதமாகவும் பார்க்கக்கூடிய விஷயம்.' உடனே ரத்து செய்தார்கள். ஆக, அவள் போட்டது தவறில்லை என்று நானே எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அதே சமயம் அதை மாற்றியும் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே கையெழுத்தில் இருக்கிறது. இரண்டு விதமாகப் பார்க்கலாம் என்றால், பார்க்கிறவருக்குப் பாதுகாப்பான பக்கம் எதுவோ அதை வைத்திருக்கலாமே என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், அப்படிப் போனால் பாதிப் புராணக் கதைகளுக்கும் இதே டேக்தான் போட வேண்டும் என்று தோன்றும். போட்டால் என்ன என்று அதற்கும் ஒரு பதில் எழும். அதற்குமேல் யோசிப்பதை நிறுத்திவிடுவேன்.

இந்தத் தொடர் மறுபடி ரிவியூவுக்கு வருகிறது. ஐந்தாவது சீசனை அவள் பெயரிலேயே போட்டேன். பெருந்தன்மையால் போட்டேனா, முடிவை அவள் தலையில் கட்டினேனா, தெரியவில்லை. லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு நேராக என் சீட்டுக்கு வந்தாள்.

"நான் போடறதை இந்தத் தடவை மாத்த மாட்டீங்கல்ல சார்?"

"முதல்ல பாரும்மா" என்றேன்.

"பார்த்துட்டேனே சார்" என்றாள்.